கறுப்புக்கு அடியில் பித்தளை

1950களின் டைவிங் வாட்ச் ஒன்று எப்போதாவது கைக்குக் கிடைத்தால், டயலைக் கொஞ்சம் சாய்த்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, லென்ஸ் வழியாகப் பாருங்கள். பொன்னிற எழுத்துகள் கறுப்பின்மேல் ஏறி நிற்காது. ஒரு மயிரிழை உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கும். அது மை கிடையாது. டயல் எந்தப் பித்தளைத் தகட்டில் செய்யப்பட்டதோ அந்தப் பித்தளையேதான் எழுத்தாகத் தெரிகிறது. கறுப்பு பிறகு வந்து சுற்றிலும் நிறைந்தது.

நான் கும்பகோணத்தில் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ், கடைகளுக்கு பில் புத்தகம் எல்லாம் அடிப்போம். மை எவ்வளவு தடிமன், எழுத்தின் ஓரம் கசிந்திருக்கிறதா, ஒரு நிறத்தின்மேல் இன்னொன்று சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தே பழகிய கண் என்னுடையது. பழைய பாணி டைவிங் வாட்சைத் தாங்களே செய்கிறவர்கள் பெரும்பாலும் கேஸில், அதாவது வெளிக்கூட்டில் தொடங்குவார்கள், இல்லாவிட்டால் உள்ளே ஓடும் மிஷினில். எனக்கு டயலில்தான் தொடங்க முடிந்தது.

அதற்குக் காரணம் ஒரு சீக்கோ 6309. 1976 முதல் 1988 வரை வந்த அந்த டைவிங் வாட்ச் டெல்டாவுக்கு அந்நியமில்லை. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் வளைகுடா நாடுகளுக்குப் போய்வந்த குடும்பங்களில் பீரோவுக்குள் இன்னும் ஒன்றிரண்டு கிடக்கும். கூத்தாநல்லூரிலிருந்து பத்திரிகை அடிக்கக் கொடுக்க வந்த பாய் ஒருவர், நான் வாட்ச் பைத்தியம் என்று தெரிந்து, ஒருநாள் எடுத்துவந்து காட்டினார். "எங்க அத்தா சவூதியிலேர்ந்து கொண்டாந்தது தம்பி. நல்லா ஓடுது. டயல் மட்டும் புதுசாட்டம் இருக்கு, ஏன்னு பாருங்க" என்றார்.

லென்ஸில் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. யாரோ சர்வீஸின்போது பழைய டயலைச் சுரண்டிவிட்டு மறுபடி பெயின்ட் அடித்து, எழுத்தையும் புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். எழுத்து தடித்துப்போய், வளைவுகளில் மை குழம்பியிருந்தது. ஒளிரும் பூச்சு வட்டங்கள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. நம் நாட்டுச் சந்தையில் சுற்றும் பழைய வாட்சுகளில் இப்படி மறுபூச்சு வாங்கியவை ஏராளம். தூரத்திலிருந்து பார்த்தால் அசலைவிடப் பளபளப்பாகக்கூட இருக்கும். அருகில் போனால் பொய் தெரிந்துவிடும். நிறமும் எழுத்துருவும் எவ்வளவு பொருந்தினாலும், செய்த வரிசை மாறினால் கண் அதைப் பிடித்துவிடுகிறது. என் வாட்ச் வேலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. எதை முதலில் செய்தார்களோ அதை முதலில் செய்வது.

நான் பின்பற்றுவது ரோலெக்ஸ் சப்மரினரின் 6538 என்ற மாடல். சப்மரினர் 1953இல் பிறந்தது. பிரெஞ்சுக் கடற்படையின் நீர்மூழ்கி வீரர்கள் மாலூபியே, ரிஃபோ இருவரின் தேவைக்காக பிளாங்பான் என்ற சுவிஸ் கம்பெனி செய்த ஃபிஃப்டி ஃபாதம்ஸ் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். இருட்டிலும் கலங்கல் தண்ணீரிலும் ஒரு நொடியில் நேரம் தெரிய வேண்டும், அதற்காகக் கறுப்பு டயல், பருத்த முள், முங்கிய நேரத்தை அளக்கச் சுற்றும் வளையம். அந்த வடிவம் எழுபது வருஷமாக மாறவில்லை. 6538இல் சாவி (நேரம் திருத்தும் திருகு) மட்டும் 8 மில்லிமீட்டர், கேஸுக்கு வெளியே பெரிதாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் காக்கும் தோள்கள் கேஸில் கிடையாது, அவை 1959இல் 5512 மாடலோடுதான் வந்தன. 1962இல் முதல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஷான் கானரி கையில் இருந்தது இந்த 6538. அசலின் விலையைப் பேசிப் பயனில்லை, ஏலத்தில் கோடிகளில் போனவையும் உண்டு.

சரி, டயலுக்கு வருவோம்.

அந்தக் காலத்து முறை இதுதான். பித்தளைத் தகட்டை மெருகேற்றி, எழுத்தும் கோடுகளும் வர வேண்டிய இடத்தில் மட்டும் நிறமில்லாத ஒரு காப்புப் பூச்சை அச்சடிப்பார்கள். பிறகு மின்முலாம் முறையில் தகடு முழுவதும் கறுப்பு ஏற்றுவார்கள். காப்புப் பூச்சு இருந்த இடத்தில் கறுப்பு பிடிக்காது. பூச்சைக் கரைத்து எடுத்ததும் பித்தளை பொன்னாகத் தெரியும். மேலே ஒரு தெளிந்த லாக்கர் பூச்சு, அதுதான் கண்ணாடி போன்ற பளபளப்பைத் தருகிறது. 1966, 67 வாக்கில் இந்த முறையை விட்டு, மங்கலான கறுப்பில் வெள்ளை மையால் அச்சடிக்கத் தொடங்கினார்கள். இன்று கடையில் வாங்கும் பழைய பாணி டயல்களில் பெரும்பாலானவை கறுப்பின்மேல் பொன்னிற மை அடித்தவை. அச்சுக்காரனுக்கு அதைப் பார்த்தால் மனசு ஆறாது.

என் அச்சகத்தில் இருந்த சாமான்களே பாதி வேலைக்குப் போதுமானதாக இருந்தன. சர்க்யூட் போர்டு செய்கிறவர்கள் பயன்படுத்தும் பிலிம் ஒன்று உண்டு, ஒளி பட்ட இடத்தில் இறுகிக்கொள்ளும். அடையாள அட்டைக்கு வைத்திருக்கும் லேமினேஷன் மிஷினில் அதைப் பித்தளைத் தகட்டோடு ஒட்டவைத்தேன். எழுத்து மட்டும் தெளிவாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் இருக்கும் நெகட்டிவை மேலே வைத்து, ஸ்கிரீன் தயாரிக்கும் விளக்கில் காட்டினேன். சலவைச் சோடா கரைசலில் கழுவினால் ஒளி படாத பகுதி கரைந்துபோய், எழுத்து மட்டும் பிலிமாகத் தகட்டில் நிற்கும். அடுத்து கறுப்பு முலாம். அதற்குச் சிதம்பரம்தான். கவரிங் நகைக்குப் பேர்போன ஊர், முலாம் பூசுவதில் கை தேர்ந்தவர்கள் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கறுப்பு நிக்கல் முலாம் பூசித் தரும் பட்டறை ஒன்றில் என் குட்டித் தகடுகளையும் தொட்டியில் தொங்கவிடச் சம்மதித்தார்கள். திரும்பி வந்ததும் காஸ்டிக் சோடாவில் போட்டால் பிலிம் உரிந்துவிடும். (கையுறை கட்டாயம். கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.) பித்தளை எழுத்து முதல்முறை கறுப்புக்குள்ளிருந்து வெளிப்பட்டபோது கடைப் பையன்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரு முக்கியமான சங்கதி. டயலை மிஷினில் பொருத்தும் இரண்டு சின்னக் கால்களை, முலாமுக்கு முன்பே பற்றவைத்துவிட வேண்டும். பிறகு சூடு காட்டினால் கறுப்பு நிறம் மாறிவிடும். 28.5 மில்லிமீட்டர் விட்டம், 0.4 மில்லிமீட்டர் கனம் உள்ள தகட்டில், முன்பக்கத்தில் சுவடு தெரியாமல் செம்புக் கம்பியைப் பற்றவைப்பது என் கைக்கு வராத வேலை. எங்கள் தெருப் பத்தர் செய்து தருகிறார். மூக்குத்தித் திருகு செய்கிற விரல்கள். சாமணத்தால் கம்பியைப் பிடித்து, ஒரே ஊதலில் முடித்துவிடுவார்.

கேஸ் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். இணையத்தில் விற்கிற 316 எல் ஸ்டீல் கேஸ்கள் அளவில் சரியாக இருக்கும், ஆனால் வார் மாட்டும் காதுகளில் உயிர் இருக்காது. பழைய சப்மரினரில் காதின் மேற்பரப்பு நீளவாக்கில் கோடுகளோடு மங்கலாக இருக்கும், பக்கச்சுவர் கண்ணாடி மாதிரி மின்னும், இரண்டும் சேருகிற விளிம்பில் ஒரு மெல்லிய சரிவுப் பட்டை ஓடும். பல வருஷம் சர்வீஸுக்குப் போய், துணிச் சக்கரத்தில் பஃப் மெருகு வாங்கிய வாட்சில் இந்தப் பட்டைதான் முதலில் காணாமல் போகும், காதுகள் தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். பழைய தோற்றம் வேண்டும் என்று ஓரங்களை மழுக்கிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கம்பெனியிலிருந்து வெளிவந்த அன்று அதற்குக் கூரான ஓரம் இருந்தது. நான் அந்த நாளின் வாட்சைச் செய்கிறேன். தேய்வதை அணிகிறவரின் கை பார்த்துக்கொள்ளும்.

இந்தப் பட்டையை எடுக்க நாச்சியார்கோவில் போனேன். குத்துவிளக்கு ஊர். காவிரி வண்டலில் அச்செடுத்து, வார்த்து, லேத்தில் கடைந்து, மெருகேற்றுவதில் அவர்களுக்கு இணை கிடையாது. அங்கே மெருகு போடும் பெரியவர் ஒருவரிடம் கேஸைக் காட்டியதும் கையில் வாங்கி, கட்டைவிரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "தம்பி, பஃப்புக்கிட்ட கொண்டு போயிடாதீங்க. அது துணி, எல்லாத்தையும் சமமாக்கிடும். ஓரம் நிக்கணும்னா உப்புத்தாளைக் கட்டையில ஒட்டி, அதுல தேய்ங்க" என்றார். "எத்தனாம் நம்பர் தாள்ணே?" என்று கேட்டதற்கு, "நம்பர் அப்புறம். மொதல்ல பக்கச்சுவர முடிங்க, பின்னாடி மேல்பக்கம், கடைசியில ஓரம். மாத்தினீங்கன்னா ஒன்ன ஒன்னு கெடுத்துக்கும்" என்றார். இங்கேயும் வரிசைதான்.

அவர் சொன்னபடியே பக்கச்சுவரை மெருகேற்றி, டேப் ஒட்டி மறைத்து, மேற்பரப்பில் 400ஆம் நம்பர் தாளை ஒரே திசையில் இழுத்து, கடைசியாக அரத்தாலும் 1500ஆம் நம்பர் தாளாலும் சரிவுப் பட்டையை எடுக்கிறேன். தாளை முன்னும் பின்னும் ஓட்டக் கூடாது. ஒரு இழுப்பு, தூக்கு, மறுபடி ஒரு இழுப்பு. இரண்டு பக்கமும் பட்டையின் அகலம் ஒன்றாக வருவதற்கு நேரம் பிடிக்கும். மாலையில் கடையைச் சாத்திய பிறகு செய்ய இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது.

கண்ணாடிக்கு அக்ரிலிக் பிளாஸ்டிக்தான், நீலக்கல் (சஃபையர்) பக்கமே போகாதீர்கள். கீறல் விழாது என்பது உண்மைதான். ஆனால் அக்ரிலிக்கின் வளைந்த ஓரத்தில் டயல் கொஞ்சம் பிதுங்கித் தெரிகிற அந்த வெதுவெதுப்பு நீலக்கல்லில் கிடைக்காது. அக்ரிலிக்கில் விழும் கீறலைப் பாலிஷ் பேஸ்ட் போட்டுத் துடைத்தால் போயிற்று. சுற்றும் வளையத்தில், கடையில் வாங்கும் கேஸ்களில் டிக் டிக் என்று 120 தடவை விழுந்து ஒரே திசையில் சுற்றும் வில் ஒன்று இருக்கும். நான் அதை எடுத்துவிடுகிறேன். அந்தக் காலத்து வளையம் இரண்டு பக்கமும் உராய்ந்து சுற்றும். தெரியாமல் இடித்துவிட்டாலும் முங்கிய நேரம் குறைவாகக் காட்டக் கூடாது என்பதற்காகத்தான் ஒரே திசை வளையம் பின்னால் வந்தது. அதனால் என்னிடம் வாங்கியதைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே கடலில் முங்குகிறேன் என்று யாராவது சொன்னால், எடுத்த வில்லை மறுபடி பொருத்தித்தான் கொடுப்பேன். வளையத்தில் பதிக்கும் அலுமினியத் தகட்டை ப்ளீச்சிங் பவுடரில் ஊறவைத்து வெளுக்கச் செய்கிறவர்களும் உண்டு. சீராக வெளுத்த வளையம் எனக்குப் பிடிப்பதில்லை. வெயில் அப்படி வேலை செய்யாது.

முள்ளிலும் மணிக்குறிகளிலும் இருக்கும் ஒளிரும் பூச்சைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஆபத்து இருக்கிறது. 1950களில் பூசியது ரேடியம். ரேடியம் 226இன் அரை ஆயுள் 1600 வருஷம். அதோடு கலந்திருந்த துத்தநாக சல்ஃபைடு சில பத்து வருஷங்களில் செத்துப்போய் ஒளி நின்றுவிட்டாலும், கதிர்வீச்சு நிற்கவில்லை. பழைய வாட்ச் கிடைத்தால் அந்தப் பூச்சைச் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள், தூள் உதிர்ந்திருந்தால் கேஸைத் திறக்கவே வேண்டாம். மூச்சோடு உள்ளே போனால் எலும்பில் தங்கிவிடும். 1963 வாக்கில் ரேடியத்தை விட்டு ட்ரிட்டியத்துக்கு மாறினார்கள். அதன் அரை ஆயுள் 12.3 வருஷம்தான், அதனால் அந்தக் காலத்து வாட்சுகள் இன்று இருட்டில் ஏறக்குறைய ஒன்றும் காட்டாது.

நான் பயன்படுத்துவது இன்றைய கதிர்வீச்சு இல்லாத ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் தூள். வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு திரும்பத் தருகிற சரக்கு. அப்படியே பூசினால் பச்சையாக எரியும், ஐம்பதுகளின் முகத்தில் அது ஒட்டாது. தஞ்சாவூரில் ஓவியக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் மஞ்சள் காவித் தூள் வாங்கி, வார்னிஷில் குழைத்துக் கொஞ்சமாகச் சேர்க்கிறேன். காவி கூடினால் ஒளி குறையும், ஆகவே நிறம் பார்த்து நிறுத்த வேண்டும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். டியூப்லைட்டில் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, காலை பத்து மணிக்கு வாசல் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். இது அச்சகத்தில் மை கலக்குகிறபோது கற்றது. டயலுக்கும் மூன்று முள்ளுக்கும் ஒரே குழையலில் பூசிவிட வேண்டும். முள்ளின் நிறமும் டயலின் நிறமும் வேறாக இருந்தால், விஷயம் தெரிந்தவர் 'முள்ளை மாற்றியிருக்கிறார்கள்' என்று உடனே சொல்லிவிடுவார்.

முள்ளின் நீளத்தையும் பாருங்கள். நிமிஷ முள்ளின் நுனி நிமிஷக் கோட்டைத் தொட வேண்டும். கடையில் விற்கிறவை பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். அந்த அரை மில்லிமீட்டரில் வாட்சின் முகமே மாறிவிடுகிறது.

மிஷின் விஷயத்தில் நண்பர்கள் என்னோடு சண்டை போடுவார்கள். சுவிஸ் வாட்சின் வழியில் செய்துவிட்டு ஜப்பான் மிஷினா என்று கேட்பார்கள். 6538க்குள் ஓடிய 1030 என்ற மிஷின் மணிக்கு 18,000 அடி அடிக்கும், அதாவது செகண்டு முள் நொடிக்கு ஐந்து எட்டு வைக்கும். சீக்கோவின் என்எச்38 மணிக்கு 21,600, நொடிக்கு ஆறு. எல்லோரும் சிபாரிசு செய்யும் சுவிஸ் ஈட்டிஏ 2824 மணிக்கு 28,800, நொடிக்கு எட்டு. பழைய நடைக்கு எது பக்கம்? இன்னொன்று, அதே சீக்கோவின் என்எச்35 மிஷினில் தேதி உண்டு. தேதி ஜன்னல் இல்லாத டயலுக்குக் கீழே அதைப் போட்டால், சாவியை இழுக்கும்போது நடுவில் ஒரு வெறும் நிறுத்தம் வரும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். என்எச்38இல் தேதியே கிடையாது, ஆகவே அந்த நிறுத்தமும் இல்லை. ஈட்டிஏ 2824ஐவிட இதற்குக் கேஸில் அதிக இடம் வேண்டும், அதனால் வாட்ச் கொஞ்சம் தடிக்கிறது. அதற்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் நான் கேஸை மூடுவதில்லை. மழைக்காலத்து டெல்டாக் காற்றை உள்ளே அடைத்து மூடினால், பிறகு ஒருநாள் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கண்ணாடிக்குள் பனி படரும். டயல், முள் வேலையை எல்லாம் அந்த மாசங்களில் செய்து வைத்துக்கொண்டு, மாசி, பங்குனியில் உலர்ந்த காற்று வந்ததும் ரப்பர் வளையங்களுக்கு சிலிகான் கிரீஸ் தடவி மூடுவேன். மூடிய பிறகு கைப்பம்பு வைத்த சோதனைக் குடுவை. தண்ணீருக்கு மேலே வாட்சைத் தொங்கவிட்டு 6 பார் காற்றழுத்தம் கொடுத்து, சில நிமிஷம் விட்டு, தண்ணீருக்குள் இறக்கி, அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். காற்று உள்ளே புகுந்திருந்தால் அந்த இடத்திலிருந்து குமிழி வரிசையாக வரும். பெரும்பாலும் சாவிக் குழாயில்தான் வரும்.

இனி டயலில் என்ன எழுதுவது என்ற கேள்வி. ரோலெக்ஸின் கிரீடச் சின்னமும் அந்தக் கம்பெனிப் பெயரும் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் கேட்டவர்கள் உண்டு, நல்ல விலையும் பேசினார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் கையை விட்டுப் போன பிறகு அது எந்த ஊரில் யாரை ஏமாற்றும் என்று எனக்குத் தெரியாது. ஒரு காலத்து வேலைமுறையைக் கற்று அதே மாதிரி செய்வது ஒரு மரியாதை. அடுத்தவர் பெயரைப் போட்டுக்கொள்வது திருட்டு.

அதனால் பன்னிரண்டு மணிக்குக் கீழே 'காவிரி' என்று தமிழில் போடுகிறேன். ஆறு மணிக்கு மேலே, அசலில் 200 மீட்டர், 660 அடி என்று இருக்கும் இடத்தில், '30 பாகம்' என்று போடுகிறேன். நாகப்பட்டினம் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார்கள், இரண்டு கையையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறடி. முப்பது பாகம் என்றால் 55 மீட்டர். என் சோதனைக் குடுவையின் 6 பார் அழுத்தத்தில் வைத்து, வாட்ச் அந்த ஆழத்தைத் தாங்குகிறதா என்று என்னால் பார்க்க முடியும். 200 மீட்டரைப் பார்க்க என்னிடம் கருவி இல்லை, ஆகவே அதை எழுதுவதில்லை.

இப்போது மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது இந்தத் தமிழ் எழுத்தோடுதான். ஆங்கில எழுத்தில் நேர்க்கோடுகள் அதிகம், 0.12 மில்லிமீட்டர் கோடு வரை சுத்தமாக வருகிறது. 'வி'யின் கொக்கியும் 'கா'வின் வளைவும் அந்த அளவில் முலாம் ஏறும்போது நுனியில் அடைத்துக்கொள்கின்றன. எழுத்தை நானே மறுபடி வரைந்து, உள்வெளிகளைக் கொஞ்சம் திறந்துவிட்டிருக்கிறேன். பிலிமையும் இன்னும் மெல்லியதாக மாற்றப்போகிறேன். அடுத்த தொகுதித் தகடுகள் வரும் வாரம் சிதம்பரம் போகின்றன. உங்களில் யாருக்காவது முலாம் தொட்டியில் மின்னோட்டத்தைக் குறைத்து, மெதுவாகக் கறுப்பு ஏற்றிப் பழக்கம் இருந்தால் எழுதுங்கள். எத்தனை ஆம்பியர், எத்தனை நிமிஷம் என்று மட்டும் சொன்னால்கூடப் போதும்.